நாளைக்கு என்றொரு பெட்டி

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் புளிப் பேச்சு எழுந்துவிடும். வருஷத்துக்கு வேண்டிய புளியை ஒரே தடவையாக வாங்கி, ஓடும் நாரும் களைந்து, கொட்டை நீக்கி, வெயிலில் காய வைத்து, உப்புத் தூவி ஜாடியில் அடைத்துவிட வேண்டும். நாங்கள் குடியிருப்பது விழுப்புரத்தில் என்றாலும் என் மனைவிக்குப் பிறந்த ஊர் திண்டிவனம். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. புளியங்காடாக இருந்த இடமே திண்டிவனம் ஆயிற்று என்பார்கள். ஊர்ச் சிவன் கோயிலில் எழுந்தருளியிருப்பவர் திருநாமமும் திந்திரிணீஸ்வரர்தான். அந்த ஊர்ப் பெண் புளி விஷயத்தில் அசட்டையாக இருப்பாள் என்று எதிர்பார்ப்பதே தவறு.

இந்த வருஷமும் கேட்டாள்: "பத்துக் கிலோ போதுமா, பதினைந்தாக வாங்கிப் போட்டுவிடட்டுமா? விலை ஏறப் போகிறதாம்."

சாதாரணமான கேள்வி. மற்ற வருஷங்களில் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே, "உன் இஷ்டம்" என்று சொல்லியிருப்பேன். இம்முறை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. எவ்வளவு இருந்தால் போதும் என்ற கேள்வி, புளியை விட்டு இறங்கி, என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது. காரணம், திண்டிவனத்தில் நான் பார்த்த ஒரு பெட்டி.

அந்தப் பெட்டிக்கு உரியவர் என் மனைவிக்குத் தூரத்து உறவில் பெரியப்பா முறை. எனக்கு மாமா. என்னை வாய் நிறைய "மாப்பிள்ளே" என்று கூப்பிடுவார். மணிலாக் கொட்டை பயிரிடும் குடும்பம். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான 'டி.எம்.வி.' ரகங்களைத் தம் கொல்லையில்தான் முதலில் விதைத்தார்கள் என்று பெருமை பேசுவார். அது எவ்வளவு தூரம் உண்மையோ, நான் விசாரித்ததில்லை. பெருமை பேசும் மனிதரை விசாரிப்பது நல்ல மாப்பிள்ளைக்கு அழகல்ல.

அவருக்கு வாலிபத்தில் துப்பாக்கிப் பித்து. பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். மார்கழி, தை மாதங்களில் கழுவெளிக்குப் போய் வாத்து சுடுவார். மரக்காணத்துக்கு மேற்கே, வானூர் வரைக்கும் பரந்து கிடக்கிற அந்த உப்புச் சதுப்பில் அந்நாளில் வடக்கேயிருந்து வந்திறங்கும் வாத்துக் கூட்டம் வானத்தையே மறைக்கும் என்பார். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாமா துப்பாக்கியைத் துடைத்து உறையில் போட்டார். "சட்டம் வந்ததாலே விட்டேன்னு நினைக்காதீங்க மாப்பிள்ளே, மனசு அதுக்கு முன்னாலேயே விட்டுப் போச்சு" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு ஒரு கதை உண்டு. பிறகு சொல்கிறேன்.

வாத்தை விட்டவர் களிமண் புறாவைப் பிடித்துக்கொண்டார்.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. பெயர்தான் களிமண் புறா. அதில் களிமண்ணும் கிடையாது, புறாவும் கிடையாது. கீலும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து வார்த்த ஒரு தட்டு. 110 மில்லிமீட்டர் விட்டம், 105 கிராம் எடை. ஒரு பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும் எந்திரம் அதை விசிறி எறியும். எந்தத் திசையில் வரும் என்று தெரியாது. அது பறந்து போவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். ஒலிம்பிக் போட்டியில் ஒரு சுற்றுக்கு 25 தட்டு. தகுதிச் சுற்றுகள் ஐந்தும் சேர்ந்து 125. ஒரு தோட்டாவில் 24 கிராமுக்கு மேல் ஈய ரவை இருக்கக் கூடாது. ஆதியில் உயிருள்ள புறாக்களையே கூண்டிலிருந்து திறந்துவிட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 1900ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலேகூட அது நடந்தது. அதற்கு முன்பே, 1880ல், அமெரிக்காவில் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் மண் தட்டு ஒன்றைச் செய்து காட்டிவிட்டார். புறாவின் உயிரைக் காப்பாற்றிய தட்டு என்று அதற்கு ஒரு கும்பிடு போடலாம்.

நம் தேசத்தில் இந்த ஆட்டத்தை எல்லோருக்கும் தெரியப்படுத்தியவர் பிகானீர் மகாராஜா கர்ணி சிங். 1962ல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். நம் பக்கத்தில் புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிரித்விராஜ், 2023ல் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற மூவர் அணியில் ஒருவர். 2024ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். திண்டிவனத்து மாமா இந்த வரிசையில் நிற்கக்கூடியவர் அல்லர். ஆனால் சென்னைக்குப் போய்ச் சில போட்டிகளில் சுட்டிருக்கிறார். சிறிய வெள்ளிக் கிண்ணம் ஒன்று வீட்டுக் கூடத்தில் இருந்தது. அதில் அத்தை ஏலக்காய் போட்டு வைத்திருந்தாள்.

இந்த ஆட்டத்துக்குத் தோட்டா தண்ணீர் மாதிரிச் செலவாகும். ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். ஆகவே ஒரு போட்டிக்கே இருநூறு தோட்டாவரை ஆகிவிடும். பழகுவதற்கு அதைப்போலப் பல மடங்கு. அக்காலத்தில் வெளிநாட்டுத் தோட்டா கைக்கு எட்டாது. புனாவுக்குப் பக்கத்தில் கட்கியில், 1869ல் தொடங்கிய சர்க்கார் வெடிமருந்து ஆலையிலிருந்து வருவதைத்தான் நம்பியிருக்க வேண்டும். அது வந்தபோது வரும். ஒரு வருஷம் கடையில் சரக்கே இல்லாமல் போய், ஒரு போட்டியைத் தவற விட்டாராம். அந்த ஆண்டு தம் கை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்பார். "அன்னிக்கு நெனச்சேன் மாப்பிள்ளே, இனிமே ஒருத்தன் கடை வாசல்ல நிக்கக் கூடாதுன்னு."

அன்று வாங்கியதுதான் பெட்டி. தேக்கு மரம். உள்ளே தகரம் அடித்தது.

வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை அந்நாளைய சுடுகாரர்கள் எறிய மாட்டார்கள். அடியில் செத்துப்போன கேப்பைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுக் கேப்பு அடிக்கலாம். மருந்தை அளந்து கொட்டி, கம்பளித் தக்கை வைத்து அழுத்தி, ரவையை நிரப்பி, மேலே அட்டை வில்லை வைத்து வாயை அடைத்துவிட்டால் மறுபடி அது தோட்டா. மாமா இந்தக் கெட்டிக்கும் வேலையைப் பூஜை மாதிரிச் செய்வார். சின்னத் தராசு, பித்தளை அளவு கிண்ணம், மரக்கட்டையில் குடைந்த குழிகளில் வரிசையாக நிற்கும் கூடுகள். பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைத்தபடி வரக் கூடாது. குழந்தைகள் அந்த அறைப் பக்கமே தலைகாட்டக் கூடாது. பெட்டியின் சாவி பூணூல் மாதிரி அவர் மார்பில் குறுக்காகக் கயிற்றில் தொங்கும்.

சட்டத்தை அவர் ஒரு நூலளவும் மீறியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கி உரிமப் புத்தகத்தில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும்: ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா கையில் இருக்கலாம், ஒரு வருஷத்தில் எத்தனை வாங்கலாம் என்று. மாமா எண்ணைத் தாண்டமாட்டார். ஆனால் எண்ணைத் தொட்டுக்கொண்டே நிற்பார். பத்துத் தோட்டா குறைந்தால் அன்று இரவு தூக்கம் வராது. காலி கூடு, ரவை, தக்கை, அட்டை வில்லை எல்லாம் பெட்டியின் விளிம்பு வரைக்கும் இருக்கும்.

இதில் என்ன தவறு? அப்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை; இப்போது யோசித்தாலும் சட்டென்று ஒன்றும் சொல்ல முடியவில்லை. விவசாயி விதைநெல்லைக் கோட்டை கட்டி வைக்கிறான். எறும்பு மழைக்கு முன்னால் அரிசி சேர்க்கிறது. என் மனைவி புளி சேர்க்கிறாள். நாளையைப் பற்றி நினைக்கத் தெரிந்ததால்தானே மனிதன் மனிதன் ஆனான்? 'வந்தபோது பார்த்துக்கொள்ளலாம்' என்று இருப்பது ஞானிகளுக்குச் சரி. குடும்பஸ்தனுக்கு அது பொறுப்பற்றதனம்.

சின்ன வயதில் விழுப்புரம் ரயிலடிப் பக்கம் கூடாரம் அடித்திருந்த குருவிக்காரப் பெரியவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. இடுப்புப் பையில் இரண்டு, மூன்று வேட்டுக்கான மருந்துதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, 'ஆஹா, சேர்த்து வைக்காத வாழ்வு!' என்று பின்னால் ஒரு கதையில் வர்ணித்து எழுதினேன். அந்த வர்ணனைக்காக இன்று வெட்கப்படுகிறேன். அவர் சேர்த்து வைக்காதது ஞானத்தினால் அல்ல. சேர்த்து வைக்க அவருக்கு வழியில்லை, இடமில்லை. அடைமழை வந்தால் அவர் பிள்ளைகள் பட்டினி. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறவே 2022 டிசம்பர் ஆகிவிட்டது. இல்லாதவனின் வெறும் பையைத் துறவு என்று புகழ்வது, இருக்கிறவனின் சௌகரியமான பேச்சு. ஆகவே சேமிப்பே பாவம் என்று நான் சொல்லப் போவதில்லை.

பின் எங்கே கோணல் விழுகிறது?

முதல் கோணல் வெளியே விழுகிறது. பஞ்சம் வரும் என்று பயந்து நான் இரட்டிப்பாக வாங்குகிறேன். என்னைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் வாங்குகிறார். மூன்றாவது வீட்டுக்காரர் போகும்போது கடை காலி. வராத பஞ்சத்தை நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து வரவழைத்துவிடுகிறோம். 2020ல் கொள்ளைநோய் வந்தபோது அமெரிக்காவில் தோட்டாக் கடைகள் இப்படித்தான் காலியாயின. தோட்டா செய்வதை யாரும் அடியோடு நிறுத்திவிடவில்லை; வாங்கினவர்களின் பயம்தான் பல மடங்காகப் பெருகியிருந்தது. மாமா கடை வாசலில் ஏமாந்து நின்றதும் ஒருவேளை அப்படிப்பட்ட ஒரு நாளில்தானோ என்னவோ! அவருக்கு முன்னால் வாங்கிக்கொண்டு போன ஒருவர் வீட்டிலும் தேக்குப் பெட்டி ஒன்று இருந்திருக்கலாம். பிறகு மாமா எண்ணைத் தொட்டுக்கொண்டு வாங்கிய ஒவ்வொரு தடவையும், எந்த வாலிபன் அந்த வாசலில் நின்று வெறுங்கையோடு திரும்பினானோ! நாம் பட்ட காயத்தை நாம் அறியாமலே அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

இரண்டாவது கோணல் உள்ளே விழுகிறது. அதைத்தான் நான் கண்ணால் கண்டேன்.

வருஷங்கள் போகப் போக மாமா சுடுவது குறைந்தது. ஒரு தீபாவளிக்குப் போயிருந்தபோது கேட்டேன்.

"என்ன மாமா, இப்போதெல்லாம் சென்னைக்குச் சுடப் போவதில்லையா?"

"போகணும் மாப்பிள்ளே. ஆனா இப்பவே சுட்டுத் தீர்த்துட்டா, நாளைக்கு ஒரு நல்ல போட்டி வந்தா என்ன பண்றது?"

"பெட்டி நிறைய இருக்கிறதே?"

"அது இருக்கு. அது நாளைக்கு."

"பழகாமல் போட்டிக்குப் போனால் கை வருமா?"

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை நான் பல் துலக்க முற்றத்துக்கு வந்தபோது பார்த்தேன். வெற்றுத் துப்பாக்கியைத் தோளில் பொருத்திக்கொண்டு, கொல்லைப் புளியமரத்திலிருந்து கிளம்பிய காக்கை ஒன்றைக் குழலால் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். காக்கை கூரைக்கு அப்பால் மறைந்தது. 'டக்' என்று நாக்கால் ஒரு சப்தம் செய்தார். துப்பாக்கியைக் கீழே இறக்கினார். அந்த 'டக்' என் காதில் இன்னும் இருக்கிறது.

சுடுவதற்காகத் தோட்டா வாங்கினவர், தோட்டாவுக்காகச் சுடுவதை விட்டுவிட்டார். பெட்டி அவருக்குக் காவல் இருந்தது போய், அவர் பெட்டிக்குக் காவல் இருந்தார். இது எந்த நாளில் மாறியது? அவருக்கே தெரிந்திருக்காது. சேமிப்பில் பொல்லாத குணம் இதுதான். விவேகம் எந்த இடத்தில் முடிந்து பயம் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று காட்ட அங்கே மைல்கல் கிடையாது.

மாமா எண்பதைத் தாண்டி, ஒரு ஐப்பசி மாதத்து அடைமழையில் காலமானார். காரியங்கள் முடிந்தபின் மைத்துனர் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். உரிமக்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியையும் தோட்டாவையும் வாரிசுகள் வீட்டில் வைத்திருக்கலாகாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். சொல்லி அனுப்பி, வந்த காவலர் முன்னிலையில் பெட்டியைத் திறந்தோம்.

மரக்காணத்து உப்புக்காற்று தேக்கையும் தகரத்தையும் தாண்டி உள்ளே போயிருந்தது. பித்தளைக் கூடுகள் பச்சைப் பூத்திருந்தன. கம்பளித் தக்கைகளைப் பூச்சி அரித்துப் பொடியாக்கியிருந்தது. கெட்டித்து வைத்த தோட்டாக்களின் அட்டை வாய் உப்பி, ஊறிப் பிளந்திருந்தது. கேப்புகள் நீலம் பாரித்துக் கிடந்தன. காவலர் ஒன்றைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்துவிட்டு, "இதைச் சுடவும் கூடாது சார், வெச்சிருக்கவும் கூடாது" என்றார். ஈய ரவை ஒன்றுதான் கெடாமல் இருந்தது. மேலே வெள்ளைப் பூத்து, அவ்வளவுதான். ஈயத்துக்குச் சாவு கிடையாது.

அப்போது எனக்குக் கழுவெளியின் நினைவு வந்தது. மாமா வாலிபத்தில் சுட்ட ரவையெல்லாம் அந்தச் சேற்றில் இன்னும் கிடக்கத்தான் வேண்டும். இரை செரிக்கக் கல் பொறுக்குகிற வாத்து, ரவையையும் கல்லென்று விழுங்கி ஈய நஞ்சால் சாகும். அதனால்தான் 1991ல் அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடுத்தார்கள். 2023லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்திலும் சதுப்பு நிலங்களில் தடை. கழுவெளி 2021ல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று, 2024ல் ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. சுட்டதும் தொலையவில்லை, சுடாததும் உதவவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாமாவின் ஆயுள் போய்விட்டது.

பெட்டியின் அடியில் ஒரு தீப்பெட்டி இருந்தது. மைத்துனர் திறந்து பார்த்து, "இது என்ன?" என்று என்னிடம் நீட்டினார். எனக்குத் தெரியும் அது என்னவென்று. இந்த உலகத்தில் அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு ரசீது வாங்கினபின் விழுப்புரம் திரும்ப மனம் இல்லை. செஞ்சி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ராஜகிரியின் அடிவாரத்தில் இருக்கும் தானியக் களஞ்சியத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். உள்ளே நின்று பேசினால் நம் குரலே நம்மை மிரட்டும். எத்தனை ஆயிரம் பேர் எத்தனை மாதம் சாப்பிடுவதற்கென்று கட்டினார்களோ! வெடிமருந்துக் கிடங்கும் அந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. சேர்த்து வைத்ததன் பலன் இல்லாமல் போகவில்லை. 1690ல் தொடங்கிய மொகலாய முற்றுகை முடிய 1698 ஆயிற்று. ஆனால் அதே கோட்டையை 1750ல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. 1761ல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கல் இருந்தது, களஞ்சியம் இருந்தது, மலை இருந்த இடத்திலேயே இருந்தது. நாளை என்பது நாம் எதிர்பார்த்த வாசல் வழியாக வருவதில்லை.

ஆனாலும் கோட்டைக்காரனைக் குறை சொல்ல மாட்டேன். சில சேமிப்புகள், 'இதை எடுக்கிற நாள் வராமல் இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டு வைக்கப்படுபவை. பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் தொங்கும் மணல் வாளி அப்படி. தேசத்தின் வெடிமருந்துக் கிடங்கும் அப்படி. அவை பயன்படாமல் கிடப்பதே பாக்கியம். மாமாவின் பெட்டி அந்த ஜாதி அல்ல. அது ஆபத்துக்கு வைத்தது அல்ல; ஆனந்தத்துக்கு வைத்தது. விரிந்த வானத்தில் ஒரு தட்டு பறப்பதையும், விரல் அசைந்ததும் அது கரும்பொடியாகச் சிதறுவதையும் பார்க்கும் ஒரு கண நேரத்துச் சந்தோஷம். ஆபத்துக்கான பொருளை வைத்திருக்கலாம். ஆனந்தத்தை எப்படி வைத்திருப்பது? அது செலவாகும்போது மட்டும்தான் இருக்கிறது.

கோட்டைக்கு வடக்கே சிறுகடம்பூர்ப் பக்கம் திருநாதர்குன்று இருக்கிறது. பெரும்பாறை ஒன்றில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வரும் இரண்டு வரிசையாக வீற்றிருக்கிறார்கள். அங்கே ஒரு பழைய கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்வது. ஒரு பக்கம் ஊருக்கே வருஷக்கணக்கில் சோறு போட முயன்ற களஞ்சியம். ஒரு பக்கம் அடுத்த வேளைச் சோற்றையும் வேண்டாமென்று வைத்த பாறை. நடந்து போகக்கூடிய தூரத்துக்குள் இரண்டும் இருக்கின்றன.

என்னைப் போன்ற புளி வாங்குகிற மனிதனுக்குச் சந்திரநந்தியின் வழி எட்டாது. சமணர்களும் அதை எல்லோருக்கும் சொல்லவில்லை. மேல்சித்தாமூர் மடத்தைச் சார்ந்து இந்தச் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் இன்றும் வாழும் தமிழ்ச் சமணர்களின் அறத்தில், இல்லறத்தானுக்கு ஐந்து சிறு விரதங்கள் உண்டு. ஐந்தாவது, பொருள் வரைதல். எல்லாவற்றையும் துறந்துவிடு என்று அது சொல்லவில்லை. 'எனக்கு இவ்வளவு போதும்' என்று நீயே ஒரு கோடு போட்டுக்கொள் என்கிறது. மாமாவின் உரிமப் புத்தகத்திலும் கோடு இருந்தது. அது சர்க்கார் போட்ட கோடு. அடுத்தவன் போட்ட கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கத்தான் மனசு அலைகிறது. தானே போட்டுக்கொண்ட கோட்டுக்குள் மட்டும்தான் அதற்குத் தூக்கம் வருகிறது.

எங்கே கோடு போடுவது? எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். ஜாடியின் மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் புளி ஜாடி பங்குனியில் கழுத்து வரை இருக்கும். ஆடியில் பாதி. தை மாதம் கரண்டி அடியைச் சுரண்டும். விதைநெல் கோட்டை நாற்றங்கால் விடும் நாளில் பிரிந்துவிடும். இறங்கி இறங்கி மறுபடி நிறைகிற சேமிப்பு உயிருள்ளது. எடுக்க மனம் வராமல், குறைந்தால் பதைபதைத்து, விளிம்பிலேயே நிற்கிறதே, அது பெட்டிக்குள் வைத்த பயம். ஆபத்துக்கென்று வைத்த மணல் வாளி நீங்கலாக, மற்ற எதற்கும் இந்த அளவுகோல் செல்லும் என்றுதான் நினைக்கிறேன்.

இனி அந்தத் தீப்பெட்டி.

1972க்கு முன்னால் ஒரு தை மாதத்தில் கழுவெளியில் மாமா ஒரு வாத்தைச் சுட்டார். முழங்கால் சேற்றில் இறங்கி எடுத்தபோது அதன் காலில் ஓர் உலோக வளையம் இருந்தது. அதில் ஓர் எண்ணும், மாஸ்கோவின் பெயரும். பறவைகள் எங்கே போகின்றன, எவ்வளவு காலம் இருக்கின்றன என்று அறிவதற்காக ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டும் வளையம். கண்டவர் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் அதன் உபயோகம். "அவ்ளோ தூரத்திலேருந்து நம்மூருக்கு விருந்தாளியா வந்த ஜீவனை வாசல்லேயே சுட்டுட்டேன் மாப்பிள்ளே" என்று சொல்லும்போது அவர் குரல் கம்மியது. அன்றோடு வாத்து சுடுவதை நிறுத்திவிட்டார். கடுதாசி எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று வளையத்தைப் பத்திரமாக எடுத்து வைத்தார். நாளைக்கு எழுதலாம் என்று.

இதை அவர் என்னிடம் சொல்லி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேட்ட மாத்திரத்தில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. அன்றிரவே நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். அதன்பின் எத்தனையோ கதை எழுதினேன். இதை மட்டும் தொடவில்லை. திண்டிவனம் போகும்போதெல்லாம் மாமா கேட்பார்: "நம்ம கதை எந்த மட்டிலே இருக்கு?"

"அதைச் சின்னக் கதையில் செலவழிக்க மனசில்லை மாமா. பெரிய நாவல் ஒன்று எழுதுவேன். அதற்காக வைத்திருக்கிறேன்."

அவர் தலையை ஆட்டுவார். வேறு யாராக இருந்தாலும், 'இவன் எழுத மாட்டான்' என்று நினைத்திருப்பார்கள். அவர் என்னைப் பூரணமாகப் புரிந்துகொண்டார். இப்போது யோசித்தால் அந்தப் புரிதல்தான் என்னைச் சுடுகிறது. என் மேஜை அறையில் நோட்டுப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நல்ல காகிதம், யாரோ பரிசளித்த பேனா, 'பிறகு எழுதலாம்' என்று வைத்த மனிதர்கள், சம்பவங்கள், ஒரு முழு வாக்கியம். மாமாவின் தோட்டாப் பெட்டியைப் பார்த்து நீதி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவர் தோட்டாவைத்தான் பூட்டினார். நான் அவரையே பூட்டி வைத்தேன். தம் கதையை அச்சில் பார்க்காமலே அவர் போய்விட்டார்.

பெரிய நாவல் வராது, அதை ஒப்புக்கொள்கிறேன். வந்தாலும் அதில் இந்தக் கதை இருக்காது. இங்கே செலவழித்துவிட்டேன். செலவழித்தபின் தெரிகிறது, இது ஒரு நாவலைத் தாங்கும் கதை அல்ல. நாலு பாராவில் சொல்லி முடிக்கிற கதைதான். இவ்வளவு காலம் மனசுக்குள் கனத்தது கதையின் கனம் இல்லை. அது பூட்டின் கனம்.

சென்ற வாரம் நானும் மைத்துனரும் உட்கார்ந்து பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். வளையத்தின் எண், கிடைத்த இடம் கழுவெளி, மாதம் தை, வருஷம் சரியாக நினைவில்லை, சுட்டவர் இப்போது இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் தாமதித்து வரும் செய்தியால் எந்த ஆராய்ச்சிக்காவது பிரயோஜனம் உண்டா? அந்த வாத்தின் கணக்கை எப்போதோ மூடியிருப்பார்கள். ஆனாலும் வளையம் சேர வேண்டிய இடத்துக்குப் போவதுதான் நியாயம். திண்டிவனம் தபாலாபீஸில் பதிவுத் தபாலாக அனுப்பிவிட்டு வெளியே வந்தபோது மைத்துனர், "அப்பா இருந்திருந்தால் இன்றைக்கும் நாளைக்கு என்றுதான் சொல்லியிருப்பார்" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், பத்துக் கிலோ போதும் என்றேன்.

"தை மாதத்தில் தட்டுப்பாடு வந்தால்?"

"பக்கத்து வீட்டில் ஒரு உருண்டை கேட்டு வாங்கு. நாமும் கொடுத்திருக்கிறோமே."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு பன்னிரண்டு கிலோ வாங்கினாள்.